அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம் நிஜ ஆட்டம் போல இருக்க என்ன மாற வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மேடன் என்ற ஃபுட்பால் கேமை வருஷா வருஷம் வாங்குகிறீர்கள், திரையில் பார்க்க டிவி மேட்ச் போலவே இருக்கிறது, ஆனால் பத்து ஆட்டம் ஆடியதும் இது நிஜ ஃபுட்பால் இல்லை என்று தோன்றிவிடுகிறது, என்ன மாற்றினால் சரியாகும்? இதற்குப் பலரும் புல், வியர்வை, கூட்டத்தின் இரைச்சல், வர்ணனை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் குறையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஸ்னாப் ஆன பிறகு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த பிறகு, மைதானத்தில் 22 பேரும் செய்வது ஏன் நிஜத்தில் செய்வதுபோல இல்லை என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். டிவி ஒளிபரப்பைப் போல இருப்பது ஒன்று, ஆட்டத்தைப் போல இருப்பது வேறொன்று. முதலாவதில் இந்த கேம்கள் எப்போதோ தேறிவிட்டன.

என் தகுதியையும் அதன் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு கேம்களில் வீரர்களின் உடலசைவுக்கும், கணினி ஆட்டுவிக்கும் வீரர்கள் எடுக்கும் முடிவுகளுக்கும் நிரல் எழுதுவது பல வருஷமாக என் தொழில். மேடனைத் தயாரிக்கும் இஏ நிறுவனத்தில் நான் வேலை செய்ததில்லை, அவர்களுடைய நிரலைப் பார்த்ததும் இல்லை. ஆகவே அந்த கேமின் உள்விவகாரமாக நான் சொல்வதெல்லாம், அதே மாதிரி வேலை செய்கிறவன் வெளியிலிருந்து பார்த்து ஊகிப்பது. இன்னொரு பக்கம், நான் வசிக்கும் டெக்சாஸ் ஊரில் ஒரு பள்ளி அணிக்கு சீசன் நேரத்தில் ஃபிலிம் பிரித்துக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிளேயையும் (ஸ்னாப்பிலிருந்து ஆட்டம் நிற்கும் வரையிலான ஒரு நகர்வு) தனித்தனித் துண்டாக்கி, எத்தனையாவது டவுன் (முயற்சி), எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்த ஹாஷில் (மைதானத்தின் நடுப்பகுதியில் நீளவாக்கில் போகும் இரண்டு குறிவரிசைகளில் ஒன்று), என்ன ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு), ஓட்டமா பாஸா, கிடைத்தது எத்தனை யார்டு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பக்கவாட்டில் ஒரு கேமரா, மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் ஸோனுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு கேமரா. அந்த இரண்டாவது கேமராவின் படம் இல்லாவிட்டால் லைன் கோச்சுக்கு வேலையே ஓடாது. அந்தக் கோணத்தில் பார்க்கப் பழகியதிலிருந்து எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: இந்த கேம்களின் குறையெல்லாம் பந்து இல்லாத இடத்தில் இருக்கிறது.

இதை முதலில் உணர்ந்தவர் அந்த கேமுக்குப் பெயர் கொடுத்தவரேதான். 1980களின் நடுவில் இஏ நிறுவனர் டிரிப் ஹாக்கின்ஸ் தன் திட்டத்தோடு ஜான் மேடனிடம் போனபோது, அன்றைய கணினிகளால் ஒரு பக்கத்துக்கு 11 பேரை ஓட்டுவது பெரிய சிரமம். ஆளைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு மேடன் ஒத்துக்கொள்ளவில்லை. 11 பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை என்றுவிட்டார். அதனாலேயே கேம் இழுத்துக்கொண்டே போய் 1988இல்தான் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட டெக்மோ போல் (Tecmo Bowl) என்ற இன்னொரு கேமில் பக்கத்துக்கு 9 பேர்தான். மேடன் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் கோச்சாக சூப்பர் போல் இறுதிப்போட்டியை ஜெயித்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆடிய காலத்தில் அவர் ஒரு லைன்மேன், முன்வரிசையில் நின்று எதிராளியோடு மோதுகிறவர். ஆளைக் குறைத்தால் முதலில் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நடு லைன்மேன் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். வாங்குபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்களும், அந்த ஸ்னாப்பைத் தவிர, சாதாரணமாகப் பந்தைத் தொடவே மாட்டார்கள். எதிரணி உள்ளே பாய்வதைத் தடுத்து, குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை முதல் மூன்று வினாடி வாங்கிக் கொடுப்பதே அவர்கள் வேலை. பந்தோடு ஓடுவதானால் ஓடுபவனுக்கு வழி திறப்பதும் அவர்கள்தான்.

கேமில் மிகப் பெரிய பொய் நடக்கும் இடம் இதுதான். ஓர் உதாரணத்தை நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். பாஸ் பிளேயில் தற்காப்பு அணி அடிக்கடி செய்யும் வேலை ஸ்டன்ட். தற்காப்பு வரிசையில் உள்ளே நிற்கும் டேக்கிள் என்ற ஆள், நேரே வராமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கார்டின் (நடு லைன்மேனுக்குப் பக்கத்தில் நிற்கும் லைன்மேன்) மேல் மோதுவான். அதே கணத்தில் வரிசையின் ஓரத்தில் நின்ற எண்ட் என்பவன், அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே நுழைவான். கார்டு தன்மேல் மோதியவனையே கட்டிக்கொண்டு போனால் நடுவில் கதவு திறந்த மாதிரி ஆகிவிடும். நல்ல கார்டு என்ன செய்வான்? மோதுகிறவனை ஒரு கையால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு, கண்ணை அவன்மேல் வைக்காமல் அடுத்து யார் வருகிறான் என்று உள்ளே பார்ப்பான். பக்கத்து லைன்மேனோடு இடுப்பு ஒட்ட நிற்பான், இருவருக்கும் நடுவே சந்து விழாமல். இந்தக் கைமாற்றம் முழுவதும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். எண்ட் ஸோன் கேமராவில் பார்த்தால் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியது என்பதிலேயே அந்தப் பிளேயின் விதி தெரிந்துவிடும்.

கேமில் இது ஏன் சரியாக வருவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. இரண்டு உடல்கள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுவதைத் திரையில் நம்பும்படி காட்டுவது மிகக் கஷ்டம். அதனால் பெரும்பாலான விளையாட்டு கேம்களில், உண்மையான இரண்டு பேரை மோதவிட்டுப் பதிவு செய்த ஜோடி அசைவுகளை வைத்திருப்போம். இருவரும் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் அந்த ஜோடி அசைவு தொடங்கிவிடும், இருவரும் அதற்குள் பூட்டப்படுவார்கள். யார் ஜெயிப்பது என்பதை இருவரின் திறமை எண்களையும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் வைத்து நிரல் முடிவு செய்யும். பூட்டு விழுந்த பின் பாதியில் கழன்று வேறொருவனைப் பிடிப்பது அந்த அமைப்பின் சுபாவத்துக்கே விரோதம். மேடன் ஆடுகிறவர்கள் வருஷக்கணக்காகப் புலம்பும் காட்சிகள், அதாவது லைன்மேன் காந்தம் இழுத்த மாதிரி இரண்டடி சறுக்கிப்போய் ஒட்டிக்கொள்வது, இரண்டு பேர் ஒருவனையே பிடித்திருக்க இன்னொருவன் நடுவில் சும்மா நடந்து வருவது, இவையெல்லாம் இந்தப் பூட்டிலிருந்து வருபவை என்றே நினைக்கிறேன். ஜோடியாக யோசிக்காமல் ஐந்து பேரையும் ஒரே சுவராகக் கணக்கில் எடுத்து, யார் எந்தச் சந்துக்குப் பொறுப்பு என்று ஒவ்வொரு கணமும் பேசி முடிவெடுக்கும் நிரல் வேண்டும். எழுத முடியாத காரியம் அல்ல. ஆனால் விளம்பரப் படத்தில் காட்ட அதில் ஒன்றும் இருக்காது.

ஓட்டத்திலும் இதே கதைதான். இன்சைடு ஸோன் என்ற மிகச் சாதாரணமான பிளேயில், இரண்டு லைன்மேன்கள் சேர்ந்து எதிரணியின் பெரிய உருவம் ஒன்றைத் தள்ளுவார்கள். எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்தப் பக்கம் அடி வைக்கிறானோ அதைப் பார்த்து, இருவரில் ஒருவன் கழன்று அவனைப் பிடிக்கப் போவான். சீக்கிரம் போனால் பெரியவன் தப்பிவிடுவான், தாமதித்தால் லைன்பேக்கர் வந்து அடித்துவிடுவான். ஓடுபவனும் அதைப் பார்த்துக்கொண்டு ஓரடி நிதானித்துத்தான் நுழைவான். இந்த நிதானத்துக்குக் கேமில் பலன் கிடைப்பது குறைவு. வேக பட்டனை அழுத்திக்கொண்டு வெளிப்பக்கம் ஓடினாலே போதும் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 4 யார்டுக்குச் சற்று மேல் என்று படித்திருப்பீர்கள். அந்தச் சராசரி ஏமாற்றும். ஏறக்குறைய பாதி ஓட்டங்கள் மூன்று யார்டிலோ அதற்குள்ளோ முடிந்துவிடுகின்றன. எப்போதாவது வரும் நீண்ட ஓட்டங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. கேமின் சராசரி 4.3 என்று பொருந்திவிட்டதாலேயே அது நிஜம் ஆகிவிடாது. ஆயிரம் ஆட்டங்களைக் கணினிக்கு எதிராகக் கணினியையே ஆடவிட்டு, எத்தனை ஓட்டம் ஒரு யார்டில் முடிந்தது, எத்தனை மூன்றில், எத்தனை இருபதில் என்று மொத்தப் பரவலையும் நிஜத்தோடு ஒப்பிட வேண்டும். தயாரிப்பில் இருக்கும் யாரிடமும் நான் முதலில் கேட்பது இந்தப் பரவலின் வரைபடத்தைத்தான்.

ஃபவுல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஹோல்டிங் என்பது தோற்றுப்போன லைன்மேன் செய்கிற காரியம். எதிராளி தாண்டிப் போய்விட்டான் என்று தெரிந்ததும் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்; நடுவர் கண்ணில் பட்டால் 10 யார்டு போகும். கேமில் வரும் ஹோல்டிங் இப்படித் தோல்வியிலிருந்து பிறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேமின் அமைப்புகளில் ஸ்லைடரில் வைத்த எண்ணுக்கு ஏற்ப எங்கிருந்தோ வந்து விழுகிறது. கணினி நடுவருக்கும் ஒரு கண், ஒரு நிற்கும் இடம், ஒரு மறைப்பு இருக்க வேண்டும். அவர் பார்க்காத ஹோல்டிங்கைப் பார்த்து நீங்கள் சோபாவில் உட்கார்ந்து கத்த வேண்டும். அதுவும் ஃபுட்பால்தான்.

அடுத்தது, யாருக்கு என்ன தெரியும் என்பது. லைனுக்கு அடுத்தபடி எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் இது. கேமில் உங்கள் கேமரா குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள் எல்லோரும் தெரிகிறார்கள், ஒவ்வொருவர் தலைமேலும் அவருக்கு எறிய அழுத்த வேண்டிய பட்டனின் குறி. நிஜ குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஆறடி ஐந்து அங்குல மனிதர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் ஒரு நேரத்தில் மைதானத்தின் ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும். ஸ்னாப்புக்கு முன்பு பின்னால் இரண்டு சேஃப்டிகள் (தற்காப்பின் கடைசிக் காவலர்கள்) நின்றார்கள், ஸ்னாப் ஆனதும் ஒருவன் லைனை நோக்கி இறங்கிவிட்டான் என்றால், எந்த ரிசீவரை முதலில் பார்ப்பது என்று அவர் மனதில் வைத்திருந்த வரிசையே மாற வேண்டும். மேடன் 06 கேமில் இதற்கு ஒரு முயற்சி நடந்தது. குவார்ட்டர்பேக் பார்க்கும் திசையை ஒரு வெளிச்சக் கூம்பாகக் காட்டி, கூம்புக்கு வெளியே எறிந்தால் குறி தவறும்படி வைத்தார்கள். நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அகலமான கூம்பு, சுமாரானவருக்குக் குறுகியது. யோசனை நல்ல யோசனைதான். கையில் ஏற்கெனவே பத்து வேலை இருக்கும்போது கூம்பை நகர்த்தும் வேலையும் சேர்ந்ததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அது காணாமல் போனது. என்னைக் கேட்டால், கூம்பைத் தூக்கிப்போட்டதோடு அந்த எண்ணத்தையும் தூக்கிப்போட்டதுதான் நஷ்டம். பட்டன்களை மங்கலாக்கலாம். குவார்ட்டர்பேக் இன்னும் பார்க்காத பக்கத்தில் ரிசீவர் தனியாக நிற்கிறானா என்பதைத் தெரியாமல் வைக்கலாம். கூடுதல் பட்டன் எதுவும் தேவைப்படாது.

இதே விதி கணினிக்கும் வேண்டும். நிரல் எழுதுகிறவனுக்கு மிகச் சுலபமான வேலை, கணினி வீரனுக்கு எல்லா உண்மையையும் கொடுத்துவிடுவது. பந்து எங்கே விழும், எந்தப் பிளே, ஓட்டமா பாஸா, எல்லாமே நினைவகத்தில் பக்கத்திலேயே இருக்கிறது. அவனைத் தெரியாதவனாக நடத்துவதற்குத்தான் உழைப்பு அதிகம். நிஜ லைன்பேக்கர் கார்டைப் பார்க்கிறான்: ஹெல்மெட் நிமிர்ந்தால் பாஸ், தாழ்ந்து முன்னால் வந்தால் ஓட்டம், பக்கவாட்டில் ஓடினால் அந்தப் பக்கம் ஓட்டம். ஓடுவதுபோல் பாவனை செய்து பாஸ் எறியும் பிளே ஆக்ஷன் பலிப்பதற்குக் காரணமே, லைன்மேன்கள் அந்த ஒரு கணம் ஹெல்மெட்டைத் தாழ்த்திப் பொய் சொல்வதுதான். கணினி லைன்பேக்கருக்கும் இப்படி ஒரு மதிப்பீடு மனதில் ஓட வேண்டும். ஸ்னாப்பில் ஓட்டத்துக்கு வாய்ப்பு பாதி, கார்டு தாழ்ந்ததும் முக்கால், பந்து கைமாறாததைப் பார்த்ததும் சரிவு. அதற்குள் அவன் இரண்டடி முன்னால் வந்திருப்பான், அவன் முதுகுக்குப் பின்னால் பாஸ் போகும். இப்போது பிளே ஆக்ஷன் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் ஏன் என்று ஆடுகிறவருக்குப் புரிவதில்லை.

ரிசீவர்களைக் காவல் காக்கும் கவரேஜும் அப்படியே. குவார்ட்டர்ஸ் என்ற வகையில் சேஃப்டி உள்ளே நிற்கும் இரண்டாவது ரிசீவரைப் பார்க்கிறான். அவன் நேரே ஆழமாக ஓடினால் சேஃப்டியின் ஆள். சட்டென்று வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் சேஃப்டி வெளி ரிசீவர்மேல் போய் உதவி செய்வான். இது கேமிலும் இருக்கிறது, பெயரோடு இருக்கிறது. இல்லாதது பேச்சு. ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவர் இடம் மாறினால் நிஜத்தில் நான்கு பேர் கையசைத்துக் கத்துவார்கள், அதில் ஒருவனுக்குக் கேட்காமல் போகும். நீங்கள் டிவியில் பார்க்கும் பல நீண்ட டச்டவுன்களுக்கு விளக்கம் இவ்வளவுதான்: ஒருவன் உனக்கு என்று நினைத்தான், மற்றவன் எனக்கில்லை என்று நினைத்தான். கூட்டத்தின் இரைச்சல் வெறும் சத்தமாக இல்லாமல் இந்தப் பேச்சைக் கெடுக்கிற ஒன்றாக நிரலுக்குள் நுழைந்தால்தான் சொந்த மைதானம் என்பதற்கும் அர்த்தம் வரும்.

இனி நிச்சயம் குறைவான பகுதி. இயற்பியலை முழுமையாகக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2010இல் வந்த பேக்பிரேக்கர் என்ற கேம், பதிவு செய்த அசைவுகளுக்குப் பதிலாக யூஃபோரியா என்ற மென்பொருளால் விழும் உடலைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டது. ஒரு டேக்கிள் (இங்கே ஆளைப் பிடித்து வீழ்த்துவது) மாதிரி இன்னொன்று இருக்காது. பார்க்க அபாரமாக இருந்தது. என்எஃப்எல் உரிமம் இல்லாததால் நிஜ அணிகள் கிடையாது. மற்ற பாகங்களும் அந்த டேக்கிள் அளவுக்குத் தேறவில்லை. மேடன் 13இல் இன்ஃபினிட்டி எஞ்சின் என்று மோதல் கணக்கைக் கொண்டுவந்தார்கள். டேக்கிள்கள் நன்றாகவே ஆயின, ஆனால் விசில் ஊதிய பிறகு தரையில் கிடப்பவர்கள்மேல் மற்றவர்கள் தடுக்கித் தடுக்கி விழுந்தது ஊர் சிரிக்கும் வீடியோக்கள் ஆனது. மனிதன் தன் சமநிலையைக் காப்பாற்ற எவ்வளவு யோசிக்கிறான் என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் சிக்கல். இன்னொன்று, 100 கிலோ உடம்பு மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடும்போது செங்குத்தாகத் திரும்ப மூன்று நான்கு அடி வைத்தாக வேண்டும். அதை அப்படியே கேமில் வைத்தால், ஸ்டிக்கைத் திருப்பிய பிறகு ஆள் திரும்ப ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். கேம் கைக்குக் கட்டுப்படவில்லை என்று புகார் வரும். ஆன்லைனில் இரண்டு ஊர்க் கணினிகள் ஒரே கணக்கை ஒரே மாதிரி போட வேண்டும் என்பதும் சேர்ந்தால், எவ்வளவு இயற்பியல் தாங்கும் என்று எனக்கே தெளிவில்லை.

வீரர்களுக்கு 99 வரை எண் போடும் முறை பற்றியும் இரண்டு மனம்தான். வேகம், முடுக்கம் இரண்டையும் இனி ஊகிக்க வேண்டியதில்லை. என்எஃப்எல் வீரர்களின் தோள் கவசத்தில் இருக்கும் சில்லு அவர்கள் இருக்கும் இடத்தை வினாடிக்குப் பத்து முறை சொல்கிறது. 2016இல் டைரீக் ஹில் ஒரு கிக் ஆஃபைத் திருப்பிக்கொண்டு வந்தபோது மணிக்கு 23.24 மைல் என்று பதிவானது அப்படித்தான். ஆனால் அந்தச் சில்லுக்கு மேலே சொன்ன கார்டின் கையும் கண்ணும் தெரியாது. மேடனில் இருக்கும் அவேர்னஸ் என்ற ஒற்றை எண்ணுக்குள் அனுபவம், பயம், ஃபிலிம் பார்த்த நேரம் எல்லாவற்றையும் திணித்திருக்கிறார்கள். இதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு நல்ல விடை யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கோச் பக்கம் மட்டும் நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் என் சனிக்கிழமைகள் அதில்தான் கழிகின்றன. அந்த அட்டவணையை நிரப்பி முடித்து வடிகட்டினால், எதிரணி மூன்றாவது டவுனில் 7 யார்டுக்கு மேல் பாக்கியிருந்தால் என்ன செய்கிறது, பந்து இடது ஹாஷில் இருந்தால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். பள்ளி அணிகளிடமே இந்தப் பழக்கதோஷம் அப்பட்டமாகத் தெரியும். கல்லூரி ஆட்டத்தில் இரண்டு ஹாஷ்களுக்கும் இடையே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. இந்த ஒரு வித்தியாசத்தால் கல்லூரியில் அகலப் பக்கம், ஒடுங்கிய பக்கம் என்று தற்காப்புத் திட்டமே இரண்டாகப் பிரியும். கேமில் நீங்கள் ஒரே பிளேயை எட்டு முறை கூப்பிட்டாலும் கணினி கோச் அசடாகவே நிற்பது வழக்கம். உங்கள் அட்டவணையை அவன் நிரப்பட்டும். அடுத்த வாரம் அவன் அதை வைத்து உங்களை அடிக்கட்டும். அதோடு நேர நெருக்கடி. நிஜத்தில் 40 வினாடிக் கடிகாரத்தில் 15 பாக்கி இருக்கும்போது குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டில் இருக்கும் ரேடியோ நின்றுவிடும், அதற்குமேல் கோச் குரல் கேட்காது. கேமில் இந்த அவசரத்தை யாரும் உணர்வதில்லை.

போட்டி இல்லாததால்தான் இப்படி என்பது எல்லா இடத்திலும் கேட்கிற புலம்பல். உண்மை கொஞ்சம் இருக்கிறது. 2004இல் இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 என்ற போட்டி கேம் இருபது டாலருக்கு வந்து மேடனையும் விலை குறைக்க வைத்தது. அந்த டிசம்பரிலேயே இஏ என்எஃப்எல்லோடு தனியுரிமை ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதன் பிறகு நிஜ அணிகளோடு இந்த மாதிரி முழுமையான கேம் செய்ய வேறு யாருக்கும் வழியில்லை. ஆனால் போட்டி இருந்திருந்தால் லைன்மேன் காலடிகளில்தான் போட்டி நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பெரிய பணம் அட்டை சேகரிக்கும் அல்டிமேட் டீமில் வருகிறது, அங்கே விற்பது நட்சத்திரங்களின் பெயர். கார்டு அட்டையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

எல்லாமே நிஜமாக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நிஜ ஆட்டம் மூன்று மணி நேரம். பந்து உயிரோடு இருப்பது அதில் சுமார் 11 நிமிஷம். அதை யாரும் கையில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்து தாங்க மாட்டார்கள். தலையில் அடிபடும் விஷயத்தில் மேடன் 12 எடுத்த முடிவு சரியானது: மூளை அதிர்ச்சி என்றால் அந்த ஆட்டத்தில் அவன் திரும்ப வர முடியாது. அதோடு போதும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. கேம் ஸ்டைலை சிமுலேஷனுக்கு மாற்றுங்கள். ஒரு குவார்ட்டருக்கு 10 முதல் 12 நிமிஷம் வைத்து, வேகக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஓர் அணிக்கு 60 சொச்சம் பிளே வருகிறதா என்று பாருங்கள், நிஜத்தில் அவ்வளவுதான். கணினி குவார்ட்டர்பேக்கின் துல்லியத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் பாஸ் பிளாக்கிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தற்காப்பில் சேஃப்டியை எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடாமல், லைனில் ஒருவனை எடுத்து ஆடுங்கள். நான்காவது டவுனில் பந்தை உதைக்காமல் எப்போதும் துணிந்து போவதை நீங்களாகவே நிறுத்துங்கள். பிளே முடிந்ததும் ரீப்ளேயில் கேமராவை எண்ட் ஸோன் பக்கம் கொண்டுபோய் வலது கார்டை மட்டும் பாருங்கள். எந்த ஸ்லைடரைத் தொட வேண்டும் என்பது பாதி அங்கேயே தெரியும். எந்த வருஷ கேம், எந்தக் கன்சோல், எந்தக் கடின அளவில் ஆடுகிறீர்கள் என்று கீழே எழுதினால் நான் வைத்திருக்கும் எண்களைத் தருகிறேன். பழைய கன்சோல் என்றால் அந்த எண்கள் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுங்கள்.